வகையும் அளவுகோலும்: பத்தாம் வகுப்புப் பாடநூலின் ‘வேதிவினைகளின் வகைகள்’ அலகு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இடம்பெற்றுள்ள ‘வேதிவினைகளின் வகைகள்’ என்னும் அலகை ஒரு தமிழ் அறிவியல் உரைநடைப் பனுவலாகக் கொண்டு இக்கட்டுரை திறனாய்கிறது. வேதிவினைகளைச் சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என ஐந்தாக வகுக்கும் இவ்வலகு, தான் மேற்கொண்ட அளவுகோலை இறுதிவரை பேணவில்லை என்பதும், அவ்விடைவெளியைக் கலைச்சொற்களின் ஒத்த வடிவம் மறைத்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. கலைச்சொற்களின் தொகையமைப்பு, இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கு, அஸ்தினாபுரம் – குரோம்பேட்டைப் பகுதியின் வேதித்தொழில் மரபு ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வேதிவினை, வகைப்பாடு, கலைச்சொல், பாடநூல் திறனாய்வு, இடப்பெயர்ச்சி, குரோம்பேட்டை

முன்னுரை

தமிழில் மிகுதியானோர் படிக்கும் அறிவியல் நூல் பள்ளிப் பாடநூலே. ஆயினும் தமிழ்த் திறனாய்வு அதனை ஒரு நூலாகக் கருதிப் படித்தது குறைவு. மொழிப்பாட நூல்கள் அவ்வப்போது விவாதத்துக்கு உள்ளாகின்றன. அறிவியல் பாடநூல்களோ பாட வல்லுநர்களின் பொறுப்பு என விடப்படுகின்றன. ஆனால் ஒரு மாணவர் ‘வகை’, ‘பண்பு’, ‘சான்று’ என்னும் சொற்களைக் கறாரான பொருளில் முதன்முதலில் கையாளுவது பெரும்பாலும் அறிவியல் நூலில்தான். எனவே அந்நூலின் தமிழ், சிந்தனைப் பயிற்சியின் தமிழாகவும் அமைகிறது.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட அலகு 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் உள்ளது. இதனை வாசிப்பதற்குரிய களமாகத் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட அஸ்தினாபுரமும் அதனை அடுத்த குரோம்பேட்டையும் கொள்ளப்படுகின்றன. இத்தேர்வுக்குக் காரணம் உண்டு. ஓர் ஊர் இதிகாச நகரின் பெயரைத் தாங்குகிறது. அடுத்த ஊர் ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் இங்கு அமைத்த குரோம் தோல் ஆலையால் குரோம்பேட்டை என்னும் பெயர் வழங்கலாயிற்று. வேதிவினை ஒன்றினால் பெயர்பெற்ற ஊரின் அருகில் வாழும் மாணவர், வேதிவினைகளின் வகைகளைப் படிக்கும்போது அப்பாடம் அவர் சுற்றுப்புறத்தை விளக்க வல்லதா என்னும் வினா இயல்பாக எழுகிறது.

அலகின் அமைப்பும் அதன் அளவுகோலும்

அணுக்கள் மறுசீரமையும் தன்மையை அடிப்படையாகக் கொண்டு வினைகளை ஐந்தாகவும், வினை செல்லும் திசையை அடிப்படையாகக் கொண்டு மீள்வினை, மீளாவினை என இரண்டாகவும் இவ்வலகு வகுக்கிறது. ஐவகையுள் சிதைவு வினையை வெப்பச்சிதைவு, மின்னாற்சிதைவு, ஒளிச்சிதைவு என மூன்றாகவும், இரட்டை இடப்பெயர்ச்சியை வீழ்படிவாதல், நடுநிலையாக்கல் என இரண்டாகவும் மேலும் பகுக்கிறது.

வகை கூறுவதற்கு முன் அடிப்படை கூறும் முறை பாராட்டுக்குரியது. இரண்டு வேறு அடிப்படைகளைத் தனித்தனியே நிறுத்தியதும் தெளிவுக்குத் துணைசெய்கிறது. சிதைவின் உட்பிரிவுகள் இவ்வலகின் மிகச் சிறந்த பகுதி எனலாம். அங்கு அளவுகோல் ஒன்றே: சிதைவுக்கு வேண்டிய ஆற்றல் எவ்வடிவில் வருகிறது என்பது. தமிழ்த் தொகையமைப்பும் அதனை வெளிப்படையாகக் காட்டுகிறது. ‘வெப்பச்சிதைவு’ என்பதை வெப்பத்தால் நிகழும் சிதைவு என விரித்தால், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பது விளங்கும். ஒளிச்சிதைவும் அவ்வாறே விரியும். மின்னாற்சிதைவில் உருபு மறையாமல் வெளிப்பட்டே நிற்கிறது. எதனால் என்னும் வினாவுக்கு விடை சொல்லிலேயே அமைந்திருப்பதால், தொகையை விரிக்கத் தெரிந்த மாணவர் வகைப்பாட்டின் அளவுகோலையும் அறிந்துகொள்கிறார்.

அளவுகோல் நழுவும் இடம்

ஐவகையுள் முதல் நான்கும் அணுக்கள் அல்லது அணுத்தொகுதிகள் எவ்வாறு கூடுகின்றன, பிரிகின்றன, இடம் மாறுகின்றன என்பதைச் சார்ந்தவை. ஐந்தாவதாகிய எரிதல் அவ்வாறன்று. ஒரு பொருள் ஆக்சிஜனோடு விரைந்து வினைபுரிந்து வெப்பமும் ஒளியும் வெளிவிடுவதே எரிதல். எப்பொருளோடு வினை நிகழ்ந்தது, ஆற்றல் எவ்வாறு வெளிப்பட்டது என்பவை இங்கு அளவுகோல்களாகின்றன. அணுக்கள் எந்த வடிவில் மறுசீரமைந்தன என்னும் தொடக்க வினா கைவிடப்படுகிறது.

இதன் விளைவை எளிய எடுத்துக்காட்டுகளில் காணலாம். மக்னீசிய நாடா காற்றில் எரிந்து மக்னீசியம் ஆக்சைடாகிறது. இரு தனிமங்கள் கூடி ஒரு சேர்மம் உண்டாவதால் இது சேர்க்கை வினை. சுடரும் வெண்ணொளியும் தோன்றுவதால் எரிதல் வினை. கரி எரிந்து கார்பன் டைஆக்சைடு உண்டாவதும் அத்தகையது. சமையல் எரிவாயு எரிவதோ எரிதலாக மட்டுமே நிற்கிறது. இரு வினைபடுபொருள்களிலிருந்து கார்பன் டைஆக்சைடு, நீர் என இரு விளைபொருள்கள் தோன்றுவதால் சேர்க்கையின் வாய்பாட்டுக்குள் அது அடங்காது. ஆகவே சில வினைகள் ஒரே வேளையில் இரு வகைகளில் விழுகின்றன. சில ஒன்றில் மட்டும் விழுகின்றன. வகைகள் ஒன்றையொன்று விலக்குவன என்று எண்ணும் மாணவர், தேர்வில் “இவ்வினை எவ்வகை?” என்னும் வினாவுக்கு ஒரு விடையே சரி என்று கொள்வார். அவர் எழுதும் சரியான மற்றொரு விடை தவறெனக் கருதப்படும் வாய்ப்பும் உண்டு.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் மயங்க வைத்தலையும் ஒன்றாக நன்னூல் எண்ணுகிறது. இதுவா அதுவா எனப் படிப்பவர் ஐயுறுமாறு சொல்லுதல் அக்குற்றம். ஒரு வினை இரு வகைகளுக்கும் உரியதாதல் குற்றமன்று. இயற்கை அவ்வாறே உள்ளது. அது அவ்வாறு உரியதாகலாம் என்பதைச் சொல்லாமல் விடுவதே மயக்கத்துக்கு வித்தாகிறது.

சொல்வடிவமும் இதற்குத் துணைபோகிறது. ‘சேர்க்கை வினை’ சேர்க்கையாகிய வினை என விரியும். ‘எரிதல் வினை’ எரிதலாகிய வினை என விரியும். இரண்டும் இருபெயரொட்டுப் பண்புத்தொகைகள். ஒரே வாய்பாட்டில் வார்க்கப்பட்ட சொற்கள் ஒரே தரத்தவை என்னும் எண்ணம் கற்பவருக்கு எழுவது இயல்பு. வெப்பச்சிதைவு என்னும் தொகை தன் அளவுகோலைக் காட்டியது. இத்தொகைகள் தம் அளவுகோல்களின் வேறுபாட்டை மறைக்கின்றன.

‘ஒற்றை’யும் ‘இரட்டை’யும்

இவ்வலகின் ஆழ்ந்த சிக்கல் எரிதலினும் இடப்பெயர்ச்சிச் சொற்களிலேயே உள்ளது. ஒற்றைச் சடை, இரட்டைச் சடை என்னும் வழக்கில் இரண்டும் சடையே. எண்ணிக்கை மட்டும் வேறு. அவ்வழக்கின்படி ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி என்பவற்றைக் கேட்கும் மாணவர், ஒரே நிகழ்வு ஒருமுறையும் இருமுறையும் நடப்பதாகக் கருதுவார். வேதியியல் உண்மையோ இதற்கு மாறானது.

மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியை இட்டால் கரைசலின் நீலம் மங்குகிறது. ஆணியின்மேல் செம்பு செந்நிறப் படலமாகப் படிகிறது. செம்பின் இடத்தில் இரும்பு அமர்ந்தது என்பது பாடநூல் வாய்பாடு. நிகழ்ந்தது யாதெனில், ஒவ்வோர் இரும்பு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைசலுள் சென்றது. ஒவ்வொரு செம்பு அயனியும் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று உலோகமாயிற்று. சல்பேட் அயனி இவ்வினையில் பங்குகொள்ளவில்லை. எனவே இது எலக்ட்ரான் கைமாறும் வினை. ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை.

வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் சமையல் உப்புக் கரைசலைச் சேர்த்தால் வெள்ளி குளோரைடு வெண்ணிற வீழ்படிவாகிறது. இரு சேர்மங்களும் தம் பகுதிகளைப் பரிமாறிக்கொண்டன என்பது வாய்பாடு. கரைசலில் சோடியம் அயனியும் நைட்ரேட் அயனியும் வினைக்கு முன் இருந்தவாறே பின்னும் இருக்கின்றன. வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் கூடின, அவ்வளவே. எலக்ட்ரான் எதுவும் கைமாறவில்லை. அயனி நோக்கில் பார்த்தால் ‘இரட்டை இடப்பெயர்ச்சி’ என்பது ஒரு சேர்க்கை. நடுநிலையாக்கலிலும் அவ்வாறே ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராகின்றன.

இவ்விரு வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. ஒற்றை இடப்பெயர்ச்சியில் எலக்ட்ரான் கைமாறுகிறது. பாடநூல் காட்டும் வீழ்படிவாதல், நடுநிலையாக்கல் வினைகளில் கைமாறுவதில்லை. பள்ளி வேதியியலின் மிகப் பயனுடைய பாகுபாடு இதுவே. ஆனால் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் ஒன்பதாம் வகுப்பில் வேதிப்பிணைப்பை ஒட்டிப் பேசப்பட்டு, பத்தாம் வகுப்பின் ஐவகைக்குள் ஒன்றாக எண்ணப்படாமல் நிற்கின்றன. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு நூல், சேர்க்கை முதலிய நான்கோடு ஆக்சிஜனேற்ற ஒடுக்கத்தையும் சேர்த்துப் பேசுகிறது. அங்கும் அளவுகோல் மாற்றம் உண்டு; எனினும் எலக்ட்ரான் நோக்குக்குரிய வாயில் அதே இயலில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. குரோம்பேட்டை, அஸ்தினாபுரம் போன்ற பகுதிகளில் இரு பாடத்திட்டங்களிலும் பயிலும் மாணவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். மேல்நிலை வகுப்பில் அவர்கள் சந்திக்கும் வேதியியல் ஒன்றே. அங்கு வாய்பாட்டை மட்டும் கற்றுவந்தவர், கற்றதைக் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்க நேர்கிறது.

‘இடப்பெயர்ச்சி’ என்னும் சொல்லுக்கு மற்றுமொரு சுமையும் உண்டு. இயற்பியலில் ஒரு பொருள் தொடக்க நிலையிலிருந்து இறுதி நிலைக்கு நகர்ந்த நேர்க்கோட்டுத் தொலைவையும் திசையையும் குறிக்க இதே சொல் வழங்குகிறது. ஆங்கிலத்தில் இரு துறைகளுக்கும் ஒரு சொல்லே இருப்பதால் தமிழும் அதனைப் பின்பற்றிற்று. மூலமொழியில் இருந்த பொருள்மயக்கத்தையும் மொழிபெயர்ப்பு சுமந்து வந்தமைக்கு இது சான்று.

கலைச்சொல் மரபு: இரு நிலங்கள்

தமிழில் வேதியியல் எழுதும் முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியால் 1875இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’, ஒலிபெயர்ப்புக்குத் தமிழ் ஈறு கொடுக்கும் நெறியைத் தன் தலைப்பிலேயே காட்டியது. 1916இல் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தோன்றியது. அதன் முன்னோடியான இராஜாஜி பிற்காலத்தில் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுதி தமிழ்வேர்ச் சொற்களுக்கு முதன்மை தந்தது. இம்முயற்சிகளில் சொல்லாக்கத்தின் பெரும் வினா, தமிழ்ச்சொல்லா வடசொல்லா ஒலிபெயர்ப்பா என்பதாகவே இருந்தது. ஆக்கிய சொல் வகைப்பாட்டின் அடிப்படையைக் காட்டுகிறதா என்னும் வினா பின்தள்ளப்பட்டது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் தம் வழியே சென்றன. அங்கு வேதிவினை ‘இரசாயனத் தாக்கம்’, வினைபடுபொருள் ‘தாக்கி’, எரிதல் ‘தகனம்’, ஒடுக்கம் ‘தாழ்த்தல்’. சிதைவுக்கு அங்கு ‘பிரிகை’ என்பது வழக்கு. இவ்விணையில் இலங்கை வழக்கே சிறந்தது என்று துணியலாம். சேர்க்கையும் பிரிகையும் சேர், பிரி என்னும் எதிர்ச்சொற்களிலிருந்து பிறந்தவை. ஒன்றைக் கேட்டவுடன் மற்றது விளங்கும். இரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் என்பதும் விளங்கும். ‘சிதைவு’ அழிவுப் பொருளைத் தாங்கிய சொல். நீர் மின்னாற்பகுக்கப்படும்போது எதுவும் அழிவதில்லை, நிறை மாறுவதில்லை, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன. மேலும் தமிழ்நாட்டு வழக்கில் கதிரியக்கமும் ‘சிதைவு’ எனப்படுவதால், அணுக்கரு மாறும் நிகழ்வும் அணுக்கரு மாறாத நிகழ்வும் ஒரு சொல்லில் கலக்கின்றன.

எரிதலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ‘தகனம்’ தமிழ்நாட்டில் பிணம் எரித்தலையே குறிப்பதால் அதனை இங்குக் கொள்ள இயலாது. ‘எரிதல்’ எளிய சொல். ஆனால் மக்கள் வழக்கில் அதன் எல்லை விரிந்தது. கிளிஞ்சலைக் காளவாயிலிட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் தொழிலைக் கருதலாம். காளவாயில் எரிபொருள் எரிகிறது, கிளிஞ்சல் எரியவில்லை. அதிலுள்ள கால்சியம் கார்பனேட் வெப்பத்தால் கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிகிறது. ஒரே காளவாயில் இரு வகை வினைகள். பிறகு சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. ‘நீற்றுதல்’ எனத் தமிழ் தனிப்பெயரிட்டு வழங்கும் அது சேர்க்கை வினை. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடுடன் வினைபுரிந்து மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது, நீர் வெளியேறுகிறது. அமிலத்தன்மையுள்ள ஆக்சைடு காரத்தோடு கூடி உப்பும் நீரும் தருவதால் இது நடுநிலையாக்கல். ஆயினும் பகுதிகள் இடம் மாறும் வாய்பாட்டை வைத்துத் தேடுபவர் இதனை எவ்வகையிலும் அடக்க இயலாமல் திகைப்பார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீட்டில் நிகழும் வினையே ஐவகை வாய்பாட்டைச் சோதிக்கிறது.

குரோம்பேட்டையின் வினைகள்

குரோமியத்தால் தோல் பதனிடும் தொழிலை ஐவகைப் பாகுபாட்டோடு ஒப்பிட்டால் அப்பாகுபாட்டின் வலிமையும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன. மயிர் நீக்குவதற்காகத் தோல் முதலில் சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கப்படுகிறது. பின்னர் அச்சுண்ணாம்பை அகற்ற அம்மோனியம் சல்பேட் பயன்படுகிறது. அங்கு நிகழ்வது இரட்டை இடப்பெயர்ச்சி வாய்பாட்டில் தொடங்கி, அம்மோனியா வாயுவும் நீரும் பிரிவதில் முடிகிறது. ஆப்பசோடாவில் எலுமிச்சைச் சாறு பட்டவுடன் நுரைப்பதும் இத்தகைய இருபடி வினையே: முதலில் பரிமாற்றம், பின் கார்பானிக் அமிலத்தின் சிதைவு. அடுத்துக் காரக் குரோமியம் சல்பேட் தோலினுள் செலுத்தப்படுகிறது. அதன் குரோமியம், தோலிலுள்ள கொலாஜன் புரதத்தின் கார்பாக்சில் தொகுதிகளோடு அணைவுப் பிணைப்புக் கொண்டு இழைகளை ஒன்றோடொன்று கட்டுகிறது. தோல் அழுகாமலும் வெந்நீரைத் தாங்கியும் நிற்பதற்குக் காரணமான இவ்வினை, ஊருக்குப் பெயர் தந்த வினை, ஐவகையுள் எதிலும் நேராக அடங்குவதில்லை.

அடங்கும் வினைகளும் உண்டு, அவை உயிர்நிலையானவை. பதனிட்ட கழிவுநீரில் எஞ்சும் குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துக் குரோமியம் ஹைட்ராக்சைடாக வீழ்படியச் செய்து, கந்தக அமிலத்தில் மீண்டும் கரைத்துப் பயன்படுத்தும் முறை தோல் தொழிலில் உள்ளது. 1948இல் நிறுவப்பட்ட, சென்னை அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு நிகழ்த்தியுள்ளது. இங்கு முதற்படி வீழ்படிவாதல்; அடுத்தபடி அமிலமும் காரமும் கூடும் நடுநிலையாக்கல். பாடநூலின் இரு கிளைகளும் ஒரே தொழிற்கூடத்தில் அடுத்தடுத்து நிகழ்கின்றன.

மேலும், குரோமியத்தின் நச்சுத்தன்மை அதன் ஆக்சிஜனேற்ற நிலையைப் பொறுத்தது. பதனிடுதலில் பயன்படும் மூவிணைதிறக் குரோமியத்தினும் ஆறிணைதிறக் குரோமியம் பன்மடங்கு கொடியது; புற்றுநோய் விளைவிப்பது. ஒன்று மற்றொன்றாவது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை. பல்லாவரம் – குரோம்பேட்டைப் பகுதியின் நிலத்தடி நீரைப் பற்றிப் பேச முற்படும் எவருக்கும் முதலில் வேண்டிய பாகுபாடு, பத்தாம் வகுப்பின் ஐவகைப் பட்டியலில் இடம்பெறாத அந்தப் பாகுபாடே.

மறுப்பும் விடையும்

பத்தாம் வகுப்பு மாணவருக்கு அயனி நோக்கும் எலக்ட்ரான் நோக்கும் சுமையாகும் என்றும், எளிமைப்படுத்தல் பாடநூலின் கடமை என்றும் இதற்கு மறுப்புக் கூறலாம். இம்மறுப்பில் நியாயம் உண்டு. சமன்பாடு எழுதப் பழகும் தொடக்கநிலையில் வாய்பாடு ஒரு கைப்பிடி; வினையின் விளைபொருளை ஊகிக்க அது உதவுகிறது. ஆனால் எலக்ட்ரான் இழப்பும் ஏற்பும் ஒன்பதாம் வகுப்பிலேயே கற்பிக்கப்பட்டுவிட்டன. பத்தாம் வகுப்பில் வேண்டுவது புதிய பாடமன்று. முன்னர்க் கற்றதை இங்கு நினைவூட்டும் ஓரிரு தொடர்களே. எளிமைப்படுத்தல் என்பது விலக்கத்தக்கதை விலக்குதல். அளவுகோல் மாறும் இடத்தைச் சொல்லாமல் விடுவதால் பாடம் எளிதாவதில்லை. காரணம் அறியாமல் மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியலாகிறது.

முடிவுரை

‘வேதிவினைகளின் வகைகள்’ அலகு அடிப்படை கூறி வகை கூறும் நல்ல முறையில் தொடங்குகிறது. சிதைவின் உட்பிரிவுகளில் அம்முறை நிறைவுறுகிறது, எரிதலில் நழுவுகிறது, ஒற்றை, இரட்டை என்னும் அடைமொழிகளில் இல்லாத உறவொன்றைக் கற்பிக்கிறது. திருத்தம் செய்வோர் கருதத்தக்கவை மூன்று. ஒவ்வொரு வகையின் தலைப்பிலும் அது எவ்வினாவுக்கு விடையாக அமைகிறது என்பதைக் கூறல் வேண்டும். ஒரு வினை இரு வகைகளுக்கும் உரியதாகலாம் என்பதைச் சான்றுடன் காட்டல் வேண்டும். எலக்ட்ரான் கைமாறுதலை ஐவகைக்கும் குறுக்கே செல்லும் தனி அளவுகோலாக நிறுத்தல் வேண்டும். ‘சிதைவு’க்கு மாற்றாகப் ‘பிரிகை’யைக் கொள்வது குறித்துத் தமிழ்நாட்டுக் கலைச்சொல் குழுக்களும் ஆராயலாம்.

தேர்வு வினாவும் அதற்கேற்ப மாறவேண்டும். “இவ்வினை எவ்வகை?” என்பதோடு “எவ்வடிப்படையில்?” என்பதையும் கேட்டால், மக்னீசியம் எரிவதைச் சேர்க்கை என எழுதிய மாணவரும் எரிதல் என எழுதிய மாணவரும் தத்தம் காரணத்தைக் கூறி மதிப்பெண் பெறுவர்.